லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

விருதுநகர் வாசகர்: லேப்டாப் ஸ்பீக்கரில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. வால்யூம் 100-இல்தான் இருக்கிறது. இயர்போன் செருகினால் நன்றாகக் கேட்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் போவது அபூர்வம். இயர்போனில் கேட்கிறது என்றாலே சவுண்ட் சிப்பும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும், விண்டோஸும் தம் வேலையைச் செய்கின்றன. எனவே டிரைவரை அழித்துப் போடுவது, விண்டோஸை ஃபார்மட் செய்வது எதுவும் உங்களுக்கு வேண்டாம். முதலில் இயர்போன் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள்.

அந்த 3.5 மி.மீ. துளைக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. பின் உள்ளே போகும்போது தகடு நகரும். 'இயர்போன் வந்துவிட்டது' என்று சிப்புக்குத் தகவல் போகும். சிப் உடனே ஸ்பீக்கரை அடைத்துவிடும். பின்னை எடுத்த பிறகும் தகடு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், அல்லது பையிலிருந்த நூல் தூசி நடுவே அடைத்துக்கொண்டால், இயர்போன் இன்னும் இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கும்.

உறுதி செய்துகொள்ள, இயர்போனை எடுத்துவிட்டு டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்குங்கள். விண்டோஸ் 11 என்றால் வால்யூம் கோட்டை ஒட்டியுள்ள அம்புக்குறி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று காட்டும். ஒன்றும் செருகாதபோதும் 'ஹெட்போன்ஸ்' என்றே இருந்தால் குற்றவாளி ஜாக்தான். சில மாடல்களில் இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்பீக்கர்ஸ்/ஹெட்போன்ஸ்' என்று ஒரே பெயர் இருக்கும். அவற்றில் இந்தச் சோதனை உதவாது, நேரே சுத்தம் செய்து பார்க்க வேண்டியதுதான்.

லேப்டாப்பை ஸ்லீப்பில் போடாமல் முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் கழற்றுங்கள். செல்போன் டார்ச்சைத் துளைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு போல் தெரிந்தால் மரப் பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவி, சுவரை ஒட்டிச் சுழற்றி வெளியே இழுங்கள். ஊக்கு, ஊசி, ஹேர்பின் எதுவும் கூடாது. நன்றாக இருக்கும் தகட்டையும் அவை வளைத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போய்க் களிம்பு பிடிக்கும். உள்ளே பளபளவென்று தங்க நிறத்தில் ஏதாவது தெரிந்தால் அது பழைய இயர்போன் பின்னின் உடைந்த முனையாக இருக்கலாம். அதைக் குத்தித் தள்ளாமல் கடையில் கொடுத்து எடுப்பதே நல்லது.

அடுத்து, இயர்போன் பின்னில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு தடவி, செருகிச் சுழற்றி எடுங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் தகட்டில் படிந்த அழுக்கு போகும். இந்தத் திரவம் செல்போன் உதிரிபாகக் கடைகளில் 'ஐ.பி.ஏ.' என்று கேட்டால் கிடைக்கும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், அதை ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் உலரவிட்டு ஆன் செய்யுங்கள்.

இதற்கும் சரியாகாவிட்டால் ஜாக்கை மாற்ற வேண்டும். சில மாடல்களில் ஜாக், யுஎஸ்பி போர்ட்டுடன் சேர்ந்து தனிச் சிறு பலகையில் இருக்கும். பலகையோடு மாற்றுவது சுலபம், செலவும் குறைவு. வேறு சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். உங்கள் மாடலில் எப்படி என்று கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். அதுவரை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி ஓட்டலாம்.

ஈரோடு வாசகி: விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து ஸ்பீக்கர், இயர்போன் இரண்டிலும் சத்தமில்லை. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

மாற்றுவதற்கு முன் ஒரு பென்டிரைவ் சோதனை செய்யுங்கள். இதற்குச் செலவில்லை, நேரம்தான் ஒரு மணி போகும். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம், விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸை ஏற்றுங்கள். பென்டிரைவில் உள்ள பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஆன் ஆகும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9. பென்டிரைவிலிருந்து தொடங்கியதும் 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கமே போக வேண்டாம், உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கும் லேப்டாப் என்றால் ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் செட்டிங்ஸ், சவுண்ட், டெஸ்ட். சத்தம் வந்தால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். வராவிட்டால் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்: மிகப் புதிய மாடல்களின் சவுண்ட் சிப்புக்கு லினக்ஸில் இன்னும் டிரைவர் வந்திருக்காது.

அப்டேட்டால் சத்தம் போவது கற்பனையல்ல. 2024 டிசம்பரில், ஒலியை மெருகேற்றும் டிராக் (Dirac) ஆடியோ மென்பொருள் உள்ள சில கணினிகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏறியதும் உள் ஸ்பீக்கர், புளூடூத் ஹெட்செட் எல்லாம் வேலை செய்யாமல் போயின. அந்த மாடல்களுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டையே நிறுத்தி வைத்தது.

இனி சரிசெய்வது. ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' கீழ் ரியல்டெக் போன்ற சவுண்ட் சிப்பின் பெயர் இருக்கும். ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதியில், பழைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக்' பொத்தானை அழுத்த முடிந்தால் அழுத்துங்கள். சிலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். அது மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அண்மைக்கால இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஒலி, இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி வழியாகத்தான் ரியல்டெக் சிப்புக்குப் போகிறது. அது டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' கீழ் ஒளிந்திருக்கும். அங்கே மஞ்சள் முக்கோணம் நின்றால் ரியல்டெக்கைப் பத்து முறை போட்டாலும் பயனில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் சீரியல் எண்ணைக் கொடுத்து, சிப்செட், ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர்களை முதலில் நிறுவி, ஆடியோ டிரைவரைக் கடைசியில் போடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நெருங்கவிடாதீர்கள்.

வந்தது 24எச்2 போன்ற பெரிய அப்டேட் என்றால், 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பகுதியில் 'கோ பேக்' கொடுத்துப் பழைய பதிப்புக்கே திரும்பலாம்.

காரைக்கால் வாசகர்: டிவியில் எச்டிஎம்ஐ மூலம் படம் பார்த்தோம். கேபிளை எடுத்த பிறகும் லேப்டாப்பில் சத்தம் வரவில்லை.

வெளியீடு டிவியிலேயே நிற்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்து 'ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்' கொடுங்கள். மங்கலாகத் தெரியும் ஸ்பீக்கரை எனேபிள் செய்யுங்கள். பிரவுசரில் மட்டும் சத்தமில்லை என்றால் வால்யூம் மிக்சரின் அடியில் உள்ள ரீசெட்.

கோவை வாசகி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது. ஆன்லைன் மீட்டிங் தொடங்கியதும் பழைய டெலிபோன் போல் கரகரக்கிறது.

ஹெட்செட்டில் பழுதில்லை. வழக்கமான புளூடூத்தில், உயர்தர ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு முறை, மைக்கோடு பேசுவதற்கு வேறொரு முறை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. மீட்டிங் மென்பொருள் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்ததும் லேப்டாப் தரம் குறைந்த இரண்டாவது முறைக்கு மாறிவிடும். மீட்டிங் செட்டிங்ஸில் மைக்ரோபோனாக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்செட்டையும் வைத்தால் ஒலி பழையபடி தெளிவாகிவிடும். சத்தமான இடத்தில் இருந்தால் மட்டும் வயர் உள்ள இயர்போன் மேல்.

சேலம் வாசகர்: வால்யூம் 60-ஐத் தாண்டினால் வலது ஸ்பீக்கர் மட்டும் கரகரவென்கிறது. நானே மாற்ற முடியுமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கம் இருந்தால் முடியும். ஆனால் திறப்பதற்கு முன், சவுண்ட் செட்டிங்ஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்து கேளுங்கள். பிறகு லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி உப்பி மேசையில் ஆடினாலோ பேட்டரி வீங்கி ஸ்பீக்கரை நெருக்குகிறது. அப்படியானால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திப் பேட்டரியை மாற்றுங்கள். ஸ்பீக்கர் கதை அப்புறம்.

அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்கள். இடது, வலது ஸ்பீக்கர் பெரும்பாலும் ஒரே ஒயரில் கோத்த ஜோடியாக, மதர்போர்டில் 4 பின் கனெக்டரில் முடியும். அதை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு பின்னையும் தொடுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 அல்லது 8 ஓம். மீட்டர் அதை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ காட்டும். '1' அல்லது 'ஓ.எல்.' என்று நின்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையா? 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லிலிருந்து இரண்டு ஒயர் எடுத்துப் பின்களில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். நல்ல ஸ்பீக்கர் 'டிக்' என்று தெளிவாகச் சொல்லும். கனெக்டர் மதர்போர்டில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

உங்களுக்குச் சுருள் சரியாகத்தான் காட்டும் என்று தோன்றுகிறது. வால்யூம் ஏறும்போது மட்டும் கரகரப்பு வந்தால் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். துகள் என்றால் செல்லோடேப்பை மெதுவாக ஒற்றி எடுக்கலாம். கிழிசலுக்கு ஃபெவிக்விக் தடவுவார்கள், சவ்வு விறைத்து இன்னும் மோசமாகும். ஜோடியாக மாற்றிவிடுவதே சரி. ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வடிவம் மாறும்.

பிரவுசரில் வால்யூமை 300, 600 சதவீதம் ஏற்றும் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் புது ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சுருளைச் சூடேற்றுவது அதுதான்.