மார்க் 11: எந்த டயல் அசல்?

வணக்கம்.

ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் மார்க் 11 கைக்கடிகாரம் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது இரண்டு கடிகாரங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டின் பின்மூடியிலும் பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி, விமானப்படையின் பொருள் எண் 6பி/346, ஆண்டு 51. முதலாவதன் டயலில் வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து இருக்கிறது. ஒளிப்பூச்சு பழுப்பேறி மங்கிக் கிடக்கிறது. ‘டி’ என்றால் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள், அது அறுபதுகளில்தான் வந்தது, ஆகவே டயல் மாற்றப்பட்டது, வாங்காதே என்கிறார் நண்பர். இரண்டாவதில் ‘டி’ இல்லை, டயல் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது, இருட்டில் பச்சையாக நன்றாக ஒளிர்கிறது. “தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது” என்கிறார் விற்பவர். விலை சற்றுக் கூடுதல். எதை வாங்கலாம்? ரேடியம் ஆபத்தா?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாவதை விட்டுவிடுங்கள். முதலாவதை, கீழே சொல்வதைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன தகவல் சரி, அதிலிருந்து அவர் வந்த முடிவுதான் தவறு. மார்க் 11 கடைக்கண்ணாடிக்குள் இருந்து விற்ற பொருள் அல்ல. பிரிட்டிஷ் விமானப்படை தன் நேவிகேட்டர்களுக்காக, அதாவது விமானத்தில் வழி கணிப்பவர்களுக்காக, வரையறை எழுதிச் செய்வித்தது. 1940களின் கடைசியில் பணிக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. அத்தனை காலமும் கடிகாரம் படையின் சொத்து. பழுது பார்த்தவர்கள், கண்ணாடியும் முள்ளும் மாற்றியவர்கள் எல்லாம் படைக்காக வேலை செய்தவர்கள். அதுவரை ஒளிப்பூச்சில் இருந்த ரேடியம் வேண்டாம் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் முடிவானபோது, பழைய பூச்சை எடுத்துவிட்டு டிரிட்டியம் பூசி, அதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் ‘டி’ போட்டார்கள். ஆகவே 1951 கூட்டில் ‘டி’ டயல் இருப்பது குறையல்ல. அந்தக் கடிகாரம் அறுபதுகளிலும் பணியில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இதைப் பொறுத்தவரை அசல் என்றால் தொழிற்சாலையை விட்டு வந்த நிலை அல்ல, படையை விட்டு வந்த நிலை. அதற்குப் பிறகு விற்பனைக்காகச் செய்த வேலைதான் நாம் தேடிப் பிடிக்க வேண்டியது.

இரண்டாவதன் குட்டை அந்தப் பச்சை ஒளியே உடைத்துவிடுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆனால் அதோடு கலந்து ஒளி தரும் துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளிலேயே கதிர்வீச்சில் வெந்து ஒளிரும் சக்தியை இழந்துவிடும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அறுபதுகளில் பூசியதில் இன்று நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சியிருக்கும். இரண்டில் எதுவானாலும் 1951 கடிகாரம் இன்று இருட்டில் நின்று ஒளிராது. டார்ச் அடித்தால் சில நொடி மினுக்கி அணையும், அவ்வளவுதான். நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் அது புதுப் பூச்சு. புதுப் பூச்சு பூசியவர் டயலின் கருப்பையும் எழுத்தையும் தொடாமல் விட்டிருப்பார் என்று நம்புவதற்கில்லை.

முதலாவதன் டயலைப் பத்து மடங்கு லென்ஸில் நேர்வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். ஒளிப்பூச்சு இருக்கும் இடங்களைச் சுற்றிக் கருப்புப் பெயிண்ட்டில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிகிறதா பாருங்கள். முன்பு இருந்த ரேடியம் சுட்ட தழும்பு அது. டிரிட்டியம் பூசிய பிறகும் அது போகாது; டயலை முழுதாக மறுபடி அச்சடித்தால் மறைந்துவிடும். மறு அச்சில் எழுத்தின் ஓரங்கள் தடித்து, உள்ளிடம் அடைபட்டிருக்கும். முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே நிறத்தில் இல்லை என்பதற்காக மட்டும் கழித்துவிடாதீர்கள். படைப் பணிமனையில் முள்ளைத் தனியாக மாற்றுவது வழக்கமான வேலை.

அடுத்தது மெஷின். அதன் மாதிரிப் பெயர் கேலிபர் 89, கையால் சாவி கொடுப்பது, மணிக்கு 18,000 துடிப்பு. சாவித் திருகை வெளியே இழுத்தால் நொடிமுள் நின்றுவிட வேண்டும். நேவிகேட்டர்கள் எல்லோரும் நேரத்தை நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துக்கொள்ள அந்த ஏற்பாடு. இதே கேலிபர் சாதாரண ஐ.டபிள்யூ.சி. கடிகாரங்களிலும் வந்தது, அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த நிறுத்து நெம்புகோல் கிடையாது. இழுத்தும் முள் ஓடினால், செத்த மெஷினை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருக்கலாம், அல்லது நெம்புகோல் தேய்ந்திருக்கலாம். இரண்டுமே விலையைக் குறைத்துக் கேட்கக் காரணம்.

பின்மூடியைத் திருகித் திறந்தால் மெஷின் உடனே தெரியக் கூடாது. இடையில் மென்னிரும்பாலான உள்மூடி ஒன்று இருக்க வேண்டும். டயலும் மென்னிரும்புதான். இரண்டும் சேர்ந்து விமானக் கருவிகளின் காந்தப் புலத்தைத் தம் வழியே திருப்பி, நேரத்தைச் சீராக ஓட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்குக்குப் போகாமல் தடுக்கின்றன. சர்வீஸ் செய்தவர் உள்மூடியைத் திரும்பப் போடாமல் விட்டுவிடுவது இந்தக் கடிகாரங்களில் நடப்பதுதான். வியர்வை புகுந்தால் உள்மூடியில் துரு பிடிக்கும், துருத்தூள் எண்ணெயில் கலந்து சக்கரங்களின் அச்சு முனைகளை (பிவட்) தேய்க்கும். ஆகவே மூடி இருக்கும் படம் ஒன்று, எடுத்த பிறகு மெஷின் எண் தெரியும் படம் ஒன்று என இரண்டும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசனில் ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் விற்பனைப் பேரேடுகள் 1885இலிருந்து இருக்கின்றன. மெஷின் எண்ணைச் சரிபார்க்க அதுதான் இடம்.

கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷினில் போட்ட படம் அனுப்பினால், முழுச் சாவியில் டயல் மேல்நோக்கி ஆம்ப்ளிட்யூட், அதாவது சமநிலைச் சக்கரம் ஆடும் அளவு, 260 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது. நிமிர்த்தி வைத்ததும் 220க்குக் கீழே விழுந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. அது பயப்பட வேண்டிய விஷயமல்ல, ஒரு சர்வீஸ் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியம் பற்றி. ஒளிராத ரேடியமும் ரேடியம்தான். வீரியம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. கூட்டைத் திறக்கும்போது உதிரும் தூள்தான் ஆபத்து, அது மூச்சில் போகக் கூடாது. ‘டி’ போட்ட டயலிலும் பழைய ரேடியத்தின் மிச்சம் இருக்கலாம். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை வைத்துப் பாருங்கள். டிரிட்டியத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கருவி தடதடத்தால் உள்ளே ரேடியம் இருக்கிறது. அப்படியானால் வீட்டில் திறக்க வேண்டாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: டயலை ஊதல் பந்தால் ஊதக் கூடாது, பூச்சைச் சுரண்டக் கூடாது, மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சொல்லாமல் கொடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இப்படிப் பல கடிகாரங்களை ஒரே பெட்டியில் பூட்டி வைத்தால் ரேடியத்திலிருந்து வரும் கதிர்வீச்சு வாயுவான ரேடான் சேரும். படுக்கையறையில் வைக்காதீர்கள், பெட்டியை ஜன்னலருகே திறங்கள்.

கடைசியாக ஸ்ட்ராப். இதில் ஸ்ட்ராப் மாட்டும் கம்பிகள் கூட்டோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. அவற்றை வெட்டித் துளையிட்டு ஸ்பிரிங் கம்பி போட்டிருந்தால் கூட்டைக் கெடுத்தாயிற்று, நான் வாங்க மாட்டேன். கம்பிகள் நன்றாக இருந்தால், ஊடாக நுழைத்துக் கட்டும் 18 மில்லிமீட்டர் நைலான் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் படங்களை அனுப்பியதும், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.