தியேட்டருக்குப் போய்ப் படம் பார்ப்பவர்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள்?

ஓடிடி வந்தது, கொரோனா வந்தது, டிக்கெட் விலை ஏறியது என்று மூன்று காரணங்களைச் சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றும் உண்மைதான். ஆனால் அமெரிக்கா, கனடாக் கணக்கைப் பாருங்கள். 2002இல் அங்கே 150 கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. 2019இல் அது சுமார் 123 கோடிக்கு இறங்கிவிட்டது. கொரோனா அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் பதினேழு வருடங்களில் மக்கள்தொகை கூடியிருந்தும் கூட்டம் குறைந்திருக்கிறது என்றால், சரிவு நோய்க்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.

நான் இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கிறேன். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை அண்டிய ஒரு கிராமம். இங்கிருந்து பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது: ரசிகர்கள் குறையவில்லை. குறைந்தவர்கள் சாதாரண ஆட்கள். பெரிய நடிகரின் படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு யாழ்ப்பாணத்தில் பட்டாசு வெடிக்கிறது, பாலாபிஷேகம் நடக்கிறது, எங்கள் ஊர் இளைஞர்களும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போகிறார்கள். மூன்றாவது கிழமை ஒரு புதன்கிழமை பிற்பகல் காட்சிக்குப் போய்ப் பாருங்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் அந்தப் புதன்கிழமைக் கூட்டம்தான் தியேட்டருக்குச் சோறு போட்டது.

இதில் தொழில் சார்ந்த ஒரு விடயமும் இருக்கிறது. முன்பெல்லாம் படம் சுருளாகப் பெட்டியில் வரும். இருப்பதே சில பிரதிகள்தான். பெரிய நகரத்தில் ஐம்பது நாள், நூறு நாள் ஓடிய பிறகே பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். அதனால் ஒரு படத்தைப் பார்க்க மக்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. நெல் விற்றுக் காசு வந்த பிறகு பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை விட்ட பிறகு பார்க்கலாம். இப்போது படம் டிஜிட்டல் கோப்பாக எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருகிறது. தமிழ்ப் படங்கள் பல நான்கு கிழமையில் ஓடிடிக்குப் போய்விடுகின்றன. திருட்டுப் பிரதியோ அன்றிரவே டெலிகிராமில் கிடைக்கிறது. பார்ப்பதென்றால் முதல் பத்து நாளுக்குள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றாகிவிட்டது. முதல் கிழமை வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போவதும், நாள் ஆக ஆகத் தியேட்டரின் பங்கு கூடுவதும் பல நாடுகளில் உள்ள வழக்கம். மூன்றாவது கிழமைக் கூட்டம் இல்லாமல் போனால் அடிபடுவது கட்டடத்தைக் கட்டிக் காப்பவர்தான். தமிழ்நாட்டிலேயே ஒற்றைத் திரை அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டரும் 2024இல் நின்றுவிட்டது.

இனி வன்னிக் கதைக்கு வருகிறேன். எங்களிடம் தியேட்டர் பழக்கம் அறுந்தது ஓடிடியால் அல்ல. 1990இல் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அந்தக் காலத்திலும் நாங்கள் படம் பார்த்தோம். ஜெனரேற்றர், வீடியோ கசற் போடும் டெக், தொலைக்காட்சிப் பெட்டி மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேரும். ஜெனரேற்றரை இரைச்சல் கேட்காத தூரத்தில் கிணற்றடிக்கு அப்பால் வைத்து, சில துளி பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முற்றத்தில் மேசை போட்டு அதன்மேல் பெட்டி. முன்னால் பாயில் சிறுவர்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், வேலியோரமாக ஆண்கள் நின்றபடி. ஓர் இரவில் மூன்று படம் ஓடும். இரண்டாவது படத்திலேயே சிறுவர்கள் சாக்கில் சுருண்டு தூங்கிவிடுவார்கள். எண்ணெய் குறையும்போது படம் நடுங்கும், சுருங்கும். உடனே யாராவது எழுந்து கிணற்றடிக்கு ஓடுவார்கள். காசு தராதவர்களும் படலைக்கு வெளியே நின்று பார்ப்பார்கள், யாரும் அவர்களைக் கலைத்ததில்லை.

இதை ஏக்கத்துக்காக எழுதவில்லை. அந்த வாழ்க்கை மறுபடி வேண்டும் என்று வன்னியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றாகக் கூடிப் படம் பார்க்கும் ஆசை இங்கே எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்த இரவுகளே சாட்சி. இன்றைக்கும் கோயிலில் காத்தவராயன் கூத்து என்றால் ஆட்கள் பாயோடும் போர்வையோடும் வருகிறார்கள், விடியும்வரை இருக்கிறார்கள். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது, வீட்டில் தொலைக்காட்சியும் இருக்கிறது. இருந்தும் கூத்துக்கு வருகிறார்கள். "வீட்டிலேயே எல்லாம் கிடைக்கிறது, மக்கள் ஏன் வெளியே வருவார்கள்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கூத்து நடக்கும் இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தெரிந்தவர்கள். குழந்தை அழுதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முடிந்ததும் வீட்டுக்குப் போவது எப்படி என்ற கவலை இல்லை.

அந்தக் கடைசிக் கவலைதான் எங்கள் பகுதியில் முதல் காரணம். படம் எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். வின்சர், வெலிங்டன், ரீகல், ராணி என்று அந்தக் காலத்துத் தியேட்டர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். எந்தப் படத்தை எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தார் என்பதும் நினைவிருக்கிறது. 1996இல் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவர், பிறகு வெகுகாலம் தியேட்டர் வாசலையே மிதிக்கவில்லை. போர் முடிந்து, வீடு கட்டி, கொஞ்சம் மூச்சு விட முடிந்த பிறகு அவரையும் அக்காவின் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். பிற்பகல் 2.30 காட்சி. விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்தால் மூன்று மணித்தியாலம். இடைவேளைவரை நன்றாகத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு, திரையில் யாராவது பேசி முடிக்கும் போதெல்லாம் என் பக்கம் குனிந்து, "எத்தனை மணி, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முல்லைத்தீவு பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. படம் முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போது எழுந்துவிட்டோம். எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் எழுந்தன. அவர்களும் எங்கள் பக்கம்தான் என்பது பஸ் நிலையத்தில் தெரிந்தது. ஆனையிறவு தாண்டும்போது, முன் இருக்கையில் இருந்த ஓர் இளைஞன் அந்தப் படத்தை முதலே பார்த்தவன் என்று அறிந்து, அம்மா அவனிடம் முடிவைக் கேட்டார். அவன் பொறுமையாகச் சொன்னான். பிறகு அம்மா தியேட்டருக்குப் போவோம் என்று கேட்கவே இல்லை. படம் பிடிக்கவில்லை என்று இன்றுவரை அவர் சொன்னதும் இல்லை.

மாலைக் காட்சி பற்றிப் பேசவே வேண்டாம். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக 60 கிலோமீற்றருக்கு மேல், வவுனியா அதைவிடத் தூரம். எங்களைப் போல, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதிக்குக் கிழக்கேயும், துணுக்காய், மல்லாவி என்று மேற்கேயும் இருப்பவர்கள் முதலில் ஏ9இற்கு வந்து சேர வேண்டும். இருட்டிய பிறகு பஸ்ஸில் இருந்து இறங்கினால் உள்வீதியில் விளக்கு இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானைப் பயமும் இருக்கிறது. பெண்பிள்ளைகளோடு அந்த நேரத்தில் யார் வருவார்கள்? முச்சக்கர வண்டி பிடிக்கலாம் என்றால் அதற்குக் கொடுக்கும் காசில் இன்னொரு படமே பார்த்துவிடலாம்.

காசு என்று சொல்லும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பது தவறு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பஸ் கட்டணம் போகவர, மத்தியானச் சாப்பாடு, இடைவேளையில் பிள்ளைகளுக்கு ரோல்ஸும் சோடாவும் என்று கூட்டினால் டிக்கெட் அதில் ஒரு பகுதிதான். முழுச் செலவும் கூலி வேலை செய்பவருக்குச் சில நாள் உழைப்பு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். கடன் வசூலிக்க வருபவர் படலையில் நிற்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகப் படத்துக்குப் போனதை ஊர் அறிந்திருந்தால் அந்தப் பெண்ணின் நிலை என்ன? தியேட்டருக்குப் போவது எல்லோரும் பார்க்கச் செய்யும் செலவு. கைபேசியில் பார்ப்பது யாருக்கும் தெரியாது. பொருளாதாரப் புள்ளிவிபரங்களில் இந்த வெட்கம் வராது. ஆனால் எங்கள் ஊரில் நான் கண்ட காரணங்களில் இதுவும் வலுவான ஒன்று.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி எஞ்சியிருந்ததையும் உலுக்கியது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னரே 2020இல் இருந்து தியேட்டர்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. பழக்கம் என்பது விட்டுவிட்டால் தானாகத் திரும்பி வராது. ஆறு மாதம் போகாமல் இருந்தவர்களுக்கு, போகாமல் இருப்பதே இயல்பாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காவிட்டாலும். தியேட்டரை விட்டு முதலில் விலகியவர்கள் பெண்களும் வயதானவர்களும். அவர்கள் போனதும் உள்ளே எஞ்சியது பெரும்பாலும் இளைஞர் கூட்டம். விசில், கூச்சல், கதிரைமேல் ஏறி ஆடுவது, கைபேசியில் திரையையே படம் பிடிப்பது. ஒருமுறை என் மச்சாள் கைக்குழந்தையோடு வந்தபோது, பின்வரிசையில் இருந்தவர்கள் பேசிய பேச்சில் அவர் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றார். ஊழியர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இளைஞர்கள் கொண்டாடுவதை நான் வெறுக்கவில்லை, முதல் நாள் அவர்களுடைய நாள்தான். ஆனால் எல்லா நாளையும் முதல் நாளாக்கினால் குடும்பங்கள் வர மாட்டா. குடும்பங்கள் வராவிட்டால் கூச்சலுக்குப் பிடித்த படங்கள்தான் எடுக்கப்படும். வெட்டும் குத்துமாக வரும் படங்களைப் பார்த்து அம்மா வயதில் உள்ளவர்கள் "இது எங்களுக்கு இல்லை" என்று இன்னும் ஒதுங்குவார்கள். இந்தச் சுழலைத் திரைத்துறை தன் கையாலேயே ஆரம்பித்து வைத்தது என்பது என் எண்ணம்.

ஓடிடியைக் குறை சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எங்கள் கிராமத்தில் மாதக் கட்டணம் கட்டி ஓடிடி பார்க்கும் வீடு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. பெரும்பாலானோர் பார்ப்பது யாரோ அனுப்பிய பிரதி, அதுவும் துண்டு துண்டாக. சமைக்கும்போது கொஞ்சம், படுக்கும்போது கொஞ்சம். அண்ணன் ஓர் அறையில் ஒரு படம், தங்கை இன்னோர் அறையில் வேறொரு படம். முற்றத்தில் ஊரே சேர்ந்து அழுததையும் சிரித்ததையும் கண்ட எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அதைச் சொல்ல நான் தயங்கவில்லை.

திரும்ப வருவார்களா? வழி செய்தால் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 காட்சியைக் குடும்பக் காட்சி என்று அறிவித்து, கூச்சல் போடுபவர்களை வெளியேற்ற ஒருவரை உள்ளே நிறுத்துங்கள். மாசி, பங்குனியில் காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில், முன்பு வந்த நல்ல குடும்பப் படம் ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் மீண்டும் போடுங்கள். தமிழ்நாட்டில் பழைய படங்களை மறுபடி வெளியிட்டுக் கூட்டம் சேர்க்கிறார்களே, அதை இங்கேயும் செய்யலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்கள் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் மண்டபங்களிலேயே திரையிடப்பட்டு முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கும் ஒரு காட்சி ஒதுக்கினால் நடித்தவரின் உறவினர் மட்டுமே அரை அரங்கை நிரப்புவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தியேட்டர்காரர்கள் தனியார் பஸ் சங்கங்களோடு பேசி, காட்சி முடியும் நேரத்துக்குப் பரந்தன் வழியாக ஒரு பஸ்ஸும் மாங்குளம் வழியாக ஒரு பஸ்ஸும் ஒழுங்கு செய்யட்டும். டிக்கெட்டோடு பஸ் காசையும் சேர்த்தே வாங்கட்டும். எங்கள் வீதியில் இருந்து மட்டும் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிவிட நான் பொறுப்பு.