96 பதில்கள் போதுமா? முதலில் விட்டுப்போன 90 பேரை எண்ணுங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து மாணவர்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், மற்றவர்களைப் போலவே எங்கள் கல்லூரியில் முதலாண்டைத் தாண்டுகிறார்களா என்று ஆராய்கிறோம். போன ஆண்டு சேர்ந்தவர்கள் 600 பேர். இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் 510 பேர். வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பியதில் 96 பதில்கள் வந்தன. அதில் 88 பேர் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. அலுவலகத்தில் விவரம் கேட்டால் ரகசியம் என்கிறார்கள். வெளியே ஒருவர், பணம் கொடுத்தால் 400 பதில்களும் பகுப்பாய்வும் முடித்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் உங்கள் எண்ணிலேயே இருக்கிறது.

96இல் 88 என்றால் கிட்டத்தட்ட 92 விழுக்காடு. ஆனால் சேர்ந்த 600 பேரில் 90 பேர் இப்போது இல்லை. மிச்சமுள்ள 510 பேரும் ஒரு அரியர்கூட இல்லாமல் தேறியிருந்தாலும் 600க்கு 510, அதாவது 85 விழுக்காடுதான் உச்சம். அதைத் தாண்டி 92 வர வழியே இல்லை. உங்கள் ஃபார்ம் படிப்பை விட்டவர்களிடம் போகவில்லை. வந்த பதில்களும் பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சொல்லக் கூச்சப்படாதவர்களுடையவை. இந்த ஓட்டையை 400 பதில்கள் அடைக்காது. 4,000 வந்தாலும் அடைக்காது.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது வகுக்கும் எண். தேர்வுப் பிரிவு தரும் தேர்ச்சி விழுக்காடு பெரும்பாலும் தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிட்டது. வருகை குறைந்து தேர்வுக்கு அனுமதி கிடைக்காதவர், கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர், இரண்டாம் மாதத்திலேயே வீட்டுக்குப் போனவர் யாரும் அதில் இல்லை. சமத்துவம் பற்றிய கேள்விக்கு விடை அந்த விடுபட்டவர்களிடம்தான் இருக்கிறது. விழுக்காட்டைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் நிர்வாகங்கள், அது எத்தனை பேரில் என்று மாணவர் கேட்டால் மட்டும் ரகசியம் என்பது நியாயமே இல்லை. பெயர் ரகசியம், எண்ணிக்கை ரகசியமல்ல.

மறுப்பு வந்ததற்கு உங்கள் கோரிக்கையின் வடிவமும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘மாணவர் விவரம்’ என்று கேட்டால் எந்த அலுவலகமும் பெயர்ப் பட்டியல் என்றுதான் நினைக்கும். ஒரு பக்கக் கடிதத்தில் வெற்று அட்டவணையை வரைந்து கொடுத்து, எண்களை மட்டும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். வரிசைகள் இரண்டு: பெற்றோரில் ஒருவராவது கல்லூரி சென்றவர், இருவருமே செல்லாதவர். பத்திகள் மூன்று: முதலாண்டில் சேர்ந்தவர், இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர், எல்லாத் தாளிலும் தேறியவர். கடைசி மூன்று ஆண்டுச் சேர்க்கைக்கும் தனித்தனியாக, துறைவாரியாகக் கேளுங்கள். ‘சேர்ந்தவர்’ என்பது எந்தத் தேதிக் கணக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கட்டணம் கட்டியவர்களை ஒரு பிரிவு எண்ணும், வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களை இன்னொரு பிரிவு எண்ணும். இரண்டையும் கலந்தால் இல்லாத இடைவெளி முளைக்கும், இருக்கிற இடைவெளி மறையும். கடிதத்தில் உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பம் இருக்கட்டும். ஆராய்ச்சி நெறிமுறைக் குழு இருந்தால் அதன் அனுமதியை ஃபார்ம் அனுப்பும் முன்பே வாங்க வேண்டும். தரவு சேர்த்த பிறகு முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது.

துறைவாரியாகக் கேட்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1973இல் அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்த இடைவெளி காணாமல் போனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். இதை வைத்துப் பாகுபாடே இல்லை என்று முடித்துவிடுபவர்களும் உண்டு, அது அவசரம். யார் எந்தத் துறைக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதும் சமத்துவக் கேள்விதான்.

இனி எத்தனை பதில் வேண்டும் என்பதற்கு வருகிறேன். சேர்ந்த 600 பேரின் பட்டியலில் ஒவ்வொரு ஐந்தாவது பெயரையும் எடுத்தால் 120 பேர். தொடக்கப் பெயரை 1 முதல் 5க்குள் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 120 பேரும் பதில் சொன்னால் மொத்தக் கணக்கில் பிழை முன்பின் 8 விழுக்காட்டுப் புள்ளிதான். ஆனால் அதில் முதல் தலைமுறையினர் 30 பேர்தான் இருப்பார்கள் என்றால் ஒப்பிடப் போதாது. இரு பிரிவிலும் 60 பேரைத் தனித்தனியாக எடுப்பது நல்லது. அப்படி எடுத்தாலும் இரு பிரிவுக்கும் உள்ள இடைவெளி சுமார் 15 புள்ளிக்குக் கீழே இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம், அதைத் தலைப்புச் செய்தி ஆக்காதீர்கள். பெயர் எடுப்பதையும் அழைப்பு அனுப்புவதையும் அலுவலகமே செய்யட்டும். பட்டியல் உங்கள் கைக்கு வரத் தேவையே இல்லை. பதில் வராதவருக்குப் பதிலாகப் பக்கத்துப் பெயரைச் சேர்ப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. 3, 7, 12ஆம் நாள்களில் நினைவூட்டல் போகட்டும். விட்டுப்போனவர்களுக்கு ஃபார்ம் உதவாது. அலுவலகம் வழியாக அழைப்பு அனுப்பி, சம்மதிப்பவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகும். ‘முதன்முதலில் வகுப்புக்கு வராத வாரம் எது, அந்த வாரம் என்ன நடந்தது’ என்று கேளுங்கள்.

அறிக்கை எழுதும்போது 10 பேருக்குக் குறைவான குழுவின் எண்ணை வெளியிடாதீர்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் போதாது. மொத்தத்திலிருந்து மற்றதைக் கழித்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். இரண்டு கட்டங்களை மறையுங்கள், இல்லையென்றால் சிறு துறைகளைச் சேர்த்துவிடுங்கள்.

இந்த விதி கைகொடுக்காத ஒரு இடம் இருக்கிறது. ஒரு துறையில் முதல் தலைமுறையினர் 25 பேர், 25 பேருக்கும் அரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழு பெரியது, விதிப்படி வெளியிடலாம். ஆனால் வெளியிட்ட நொடியில் அந்த 25 பேரில் ஒவ்வொருவருடைய நிலையும் வகுப்புக்கே தெரிந்துவிடும். யார் யார் முதல் தலைமுறை என்பது நண்பர்களுக்குத் தெரியும்தானே. 25இல் 24 என்றாலும் இதே கதிதான். நேர்மாறாகவும் நடக்கும்: மற்றவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று எழுதி, துறை மொத்தத்தில் தேறாதவர் 6 என்றும் எழுதினால், அந்த 6 பேரும் எந்தப் பிரிவு என்பதைச் சொல்லிவிட்டீர்கள். இப்படி 100 விழுக்காட்டையோ பூஜ்யத்தையோ ஒட்டி வரும் எண்களை, குழு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், துறைப்பெயர் இல்லாமல் கல்லூரி மொத்தத்தோடு சேர்த்தே கொடுங்கள்.

கடைசியாக அந்த வெளியாளைப் பற்றி. இப்படி விற்கப்படும் 400 பதில்களை ஓரிருவர் உட்கார்ந்து நிரப்புகிறார்கள், அல்லது உங்கள் 96ஐயே கொஞ்சம் மாற்றி நகலெடுக்கிறார்கள். பதில் வந்த நேரத்தைப் பாருங்கள்: சில நொடி இடைவெளியில் வரிசையாக வந்திருக்கும், எல்லாக் கேள்விக்கும் நடு விருப்பமே குறிக்கப்பட்டிருக்கும், எழுத்துப் பதில்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அதில் கிடைக்கும் முடிவை நம்பி ஒரு உதவித் திட்டம் நிறுத்தப்பட்டால் அடிபடுவது நீங்கள் யாருக்காக இதைத் தொடங்கினீர்களோ அவர்களே. ‘ஒரே வாரத்தில் சர்வதேச இதழில் வெளியீடு, சான்றிதழ் உண்டு’ என்பார்கள். ஒரு வாரத்தில் எந்த ஒழுங்கான இதழும் ஆய்வுக்கட்டுரையை மதிப்பிட்டு முடிப்பதில்லை. பணத்துக்கு அச்சிடுகிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட மோசமானது, ‘பகுப்பாய்வுக்கு மூலக் கோப்பை அனுப்புங்கள்’ என்பது. பெயர், மின்னஞ்சல், அரியர், குடும்ப வருமானம் எல்லாம் ஒரே தாளில் இருந்தால், கடன் விற்பவருக்கும் பயிற்சி வகுப்பு விற்பவருக்கும் அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

கோப்பின் இணைப்பை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே பகிர்வு அமைப்பை மாற்றி, உங்களில் இருவருக்கு மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்துங்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாடு அது இல்லாமலும் வேலை செய்யும். முடிவுகளின் சுருக்கத்தைப் பதிலளித்தவர்களுக்குக் காட்டும் அமைப்பையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மனம் திறந்து எழுதியதை மற்றவர்கள் எல்லோரும் படிப்பார்கள். கோப்பு வெளியே போயிருந்தால் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லி, பதில் கொடுத்த 96 பேருக்கும் தகவல் அனுப்புங்கள்.