சைபர் பைட்டில் நின்ற பத்திரம்

கேள்வி: அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதுகிறேன். ஊரார் ஆதார், பட்டா எல்லாம் என் கம்ப்யூட்டரில் கிடப்பதால், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போடும்போதே, என் ஃபைலெல்லாம் கிடக்கும் ஹோம் ஃபோல்டரை என்க்ரிப்ட் செய்து பூட்டிவிட்டேன். போன வாரம் புதிதாக ஒரு கிரயப் பத்திரம் அடித்து சேவ் கொடுத்த நொடியில் கரண்ட் போய்விட்டது. இப்போது அந்த ஃபைலைத் தொட்டாலே 'இன்புட் அவுட்புட் எர்ரர்' வருகிறது. கடையில் கேட்டால் ஹார்டு டிஸ்க் போச்சு, மாற்று என்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். பாளையங்கோட்டையில் கடை போட்ட புதிதில் இதே எர்ரரைப் பார்த்துவிட்டு நானும் ஒரு நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அந்த வாடிக்கையாளர் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

உங்கள் ஃபோல்டரைப் பூட்டி வைத்திருப்பது ஈக்ரிப்ட்எஃப்எஸ் என்ற லினக்ஸ் மென்பொருள். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அடியில், 'டாட் பிரைவேட்' ஃபோல்டரில், வாயில் நுழையாத பெயரோடு பூட்டிய ஃபைல் ஒன்று இருக்கும். அதன் தலைப்பகுதி 8,192 பைட். சாவி விவரம் அதில்தான். ஒரு ஃபைல் பிறக்கும்போது முதலில் வெறும் கூடு, அப்புறம்தான் தலை. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் கூடு மட்டும் சைபர் பைட்டில், அதாவது பூஜ்ய அளவில், நின்றுவிடும். ஃபைலைத் திறக்கும்போது ஈக்ரிப்ட்எஃப்எஸ் தலையைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் எர்ரர் சொல்கிறது. டிஸ்க் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

2012ல் ஈக்ரிப்ட்எஃப்எஸ்ஸைப் பராமரித்த டைலர் ஹிக்ஸ், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்குத் திருத்தம் எழுதினார். திறக்கும்போது கீழே சைபர் பைட் இருந்தால் தலையை அங்கேயே எழுதிவிடும். எர்ரருக்குப் பதில் காலி ஃபைல் திறக்கும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் தெரிவதோ உபுண்டு 10.04. 2010ல் வந்தது, அப்டேட் பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

சரி, கையால் செய்யலாம். டெர்மினலில் ஃபைண்ட் கட்டளை கொடுத்து, டாட் பிரைவேட்டுக்குள் சைபர் பைட் ஃபைல்களைத் தேடுங்கள். டாட் பிரைவேட் வேறு இடத்தில் இருக்கும் நிஜ ஃபோல்டரைக் காட்டும் வெறும் இணைப்புதான். பெயருக்குப் பின்னால் சாய்கோடு போடாவிட்டால் ஃபைண்ட் உள்ளே போகாது, 'ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடும். இதில் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன். கிடைத்ததில் எது உங்கள் பத்திரம் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் ஒவ்வொரு ஃபைலுக்கும் கொடுக்கும் அடையாள எண்ணான ஐநோடு எண்ணைப் பாருங்கள், மேலே நீங்கள் பார்க்கும் ஃபைலுக்கும் கீழே பூட்டிய ஃபைலுக்கும் அது ஒன்றேதான். எண் பொருந்தினால் மேலே உள்ள ஃபைலை அழியுங்கள், கீழே உள்ளதும் போய்விடும். மற்ற பத்திரங்களுக்குச் சேதமில்லை. இந்த ஒன்றை மட்டும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்; கூட்டுக்குள் எதுவும் இல்லை.

கையோடு எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுப் புது உபுண்டுக்கு மாறுங்கள். 18.04 முதல் இன்ஸ்டாலரில் இந்த ஹோம் பூட்டு கிடையாது. முழு டிஸ்க்கையும் பூட்டும் லக்ஸைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, ஊர், சாமி, பாடுபவர் என்று தமிழிலேயே பெயர் வைக்கிறேன். என்க்ரிப்ட் செய்த லேப்டாப்பில் மட்டும் 'பெயர் நீளம்' என்று தள்ளிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைவிட நீளமாக வைத்தாலும் ஏற்கிறதே?

பதில்: அக்கா, அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது. 'கல்லிடைக்குறிச்சி' நம் கண்ணுக்கு 9 எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்தின் மேல் புள்ளியும் கொம்பு மாதிரிக் குறிகளும் தனித்தனி, ஆக 17 குறி. ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 51. சாதாரண டிஸ்க்கில் பெயருக்கு 255 பைட் இடமுண்டு. ஈக்ரிப்ட்எஃப்எஸ் பெயரையும் பூட்டி, முன்னால் ஒரு நீள அடையாளமும் ஒட்டுவதால் உங்களுக்கு மிஞ்சுவது 143தான். கல்லிடைக்குறிச்சியை மூன்று தடவை எழுதினாலே 153.

ஊருக்கு ஒரு ஃபோல்டர், சாமிக்கு அதனுள் ஒன்று என்று பிரியுங்கள். கணக்கு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிதான். பாடுபவர் பெயரும் தேதியும் மட்டும் ஃபைலுக்குப் போதும்.