ஒரே திமிங்கிலத்தை இருவர் தத்தெடுக்க முடியுமா?

திமிங்கிலத்தைத் ‘தத்தெடுக்க’ ஓர் அமைப்புக்கு நன்கொடை தந்து நீங்கள் பெற்ற சான்றிதழிலும், அதேபோல் உங்கள் தோழி பெற்ற சான்றிதழிலும் ‘சால்ட்’ என்ற அதே கூன்முதுகுத் திமிங்கிலம் இருப்பது மோசடி அன்று. இந்தத் தத்தெடுப்பு வெறும் அடையாளம் என்பதால், ஒரே விலங்கின் பெயரில் எத்தனை பேரும் நன்கொடை அளிக்கலாம். அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 1970களிலிருந்து அறியப்பட்ட சால்ட், முதுகுத் துடுப்பில் உப்பைத் தூவியது போன்ற வெண்தழும்புகளால் அப்பெயர் பெற்றது.

பணம் எங்கே போகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மீன்பிடிக் கயிறுகளில் சிக்கும் திமிங்கிலங்களை விடுவிப்பதற்கும் ஆய்வுக்கும் எவ்வளவு செலவானது என்பதை அந்த அமைப்பின் ஆண்டறிக்கையில் தேடுங்கள். சான்றிதழோடு வந்த படத்தில் வாலின் அடிப்புறம் தெரிந்தால் நல்லது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம், நம் கைரேகையைப் போல, ஒவ்வொன்றுக்கும் வேறு. (சான்றிதழோடு வரும் திமிங்கிலப் பொம்மை அழகுதான், ஆனால் அதற்கும் விலை உண்டு.)

ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் நீங்கள் குறியிட்டிருந்தால், அடுத்த ஆண்டும் அட்டையிலிருந்து பணம் பிடிக்கப்படும்.