குடல் பாக்டீரியாவுக்கும் குழந்தைகளின் அலர்ஜிக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது. பின்லாந்து, ரஷ்யா எல்லையில் உள்ள கரேலியாவைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அதே குளிர், நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அலர்ஜியும், நோய் எதிர்ப்புச் செல்களே தவறிப்போய் சொந்த உடலைத் தாக்குவதால் வரும் டைப் 1 சர்க்கரை நோயும் பின்லாந்துக் குழந்தைகளிடம் பல மடங்கு அதிகம்.

2016இல் வந்த ஓர் ஆய்வில் பின்லாந்து, எஸ்டோனியா, ரஷ்யா மூன்றிலும் சேர்த்து 222 குழந்தைகளின் மலத்தைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை சோதித்தார்கள். முதல் இரண்டு நாட்டிலும் பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா வகை நிறைய இருந்தது, ரஷ்யாவில் குறைவு. இதில் முக்கியமான விஷயம், குடலில் வாழும் இன்னொரு பாக்டீரியாவான ஈ.கோலை, பாக்டீராய்டிஸ் இரண்டின் மேலுறையிலும் எல்பிஎஸ் என்ற பொருள் உண்டு, ஈ.கோலையுடையது நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பி, எதன்மேல் பாய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று பழக்குவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், பாக்டீராய்டிஸுடையதோ தானும் எழுப்பாமல், எழுப்ப வருவதையும் தடுக்கிறது. சர்க்கரை நோய் வரக்கூடிய எலிகளுக்கு ஈ.கோலை எல்பிஎஸ் கொடுத்தபோது நோய் தள்ளிப்போனது.

சரி, அதற்காக உயிருள்ள பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் பொடியை நீங்களாக வாங்கி ஊட்டிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். தாய்ப்பால் கொடுங்கள், சாதாரண சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.