கூண்டைத் திறந்துவிட்டால்

அன்புள்ள ஐயா,

அமூர் புலிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்ததும் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. 2024 கோடை விடுமுறையில் குடும்பத்தோடு டார்ஜிலிங் போயிருந்தோம். அங்கே பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவில் அமூர் புலியைப் பார்த்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. புலி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்பிவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என் மகளுக்கு எட்டு வயது. “இதை ஏம்மா அதோட காட்டுக்கு விடமாட்டேங்கறாங்க?” என்று கேட்டாள். விட்டால் அதற்குப் பிழைக்கத் தெரியாது என்றேன். “நம்ம சத்தி காட்டுல புலி தானாத்தானே பிழைக்குது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அழிந்துகொண்டிருக்கும் விலங்கு என்கிறோம். காட்டில் குறைவாகவும் கூண்டில் நிறையவும் இருந்தால் கூண்டைத் திறந்துவிடுவதுதானே முறை? டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்த நாங்களும் தவறு செய்தவர்கள்தானா?

க., கோபிசெட்டிபாளையம்

*

அன்புள்ள க.,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. பிழைக்கத் தெரியாது என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ‘அதோட காடு’. டார்ஜிலிங் பூங்காவுக்கு 2023 டிசம்பரில் சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் பூங்காவிலிருந்து லாரா, அகாமாஸ் என்று ஒரு ஜோடி வந்தது. பதிலுக்கு இங்கிருந்து செம்பாண்டாக்கள் போயின. நீங்கள் பார்த்தது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். மத்தியதரைக் கடல் தீவில் கம்பிவலைக்குள் வளர்ந்து இமயமலைக்கு வந்த புலி அது. தன் இனத்தின் காட்டை அது கண்ணால் கண்டதே இல்லை.

அந்தக் காடு ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஜப்பான் கடலை ஒட்டிய சிகோதே-அலின் மலைத்தொடரில் இருக்கிறது. கொஞ்சம் எல்லை தாண்டி சீனாவின் வடகிழக்கிலும் உண்டு. அமூர் புலிக்குச் சைபீரியப் புலி என்றும் பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் சைபீரியா அங்கிருந்து மேற்கே வெகுதூரம். இந்தக் காட்டைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் பைன் கொட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கொரியன் பைன் மரத்தின் கொட்டைகளும் ஓக் மரத்தின் காய்களும் இலையுதிர் காலத்தில் தரையில் கொட்டும். காட்டுப்பன்றிகள் அவற்றைத் தின்று கொழுத்தால்தான் ஆள் உயரப் பனியைத் தாண்டி வசந்தத்தைப் பார்க்கும். பன்றி இருந்தால் புலி இருக்கும். ரஷ்ய அரசு 2010-இல் கொரியன் பைனை வெட்டத் தடை விதித்ததைப் புலிகளுக்காகச் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக நான் நினைக்கிறேன்.

பன்றியும் மானும் அங்கே அடர்த்தியாக இல்லை. குளிர் அப்படி. அதனால் ஒரு பெண் புலிக்கே ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் வேண்டும். ஆண் புலி ஆயிரத்துக்கும் மேல் சுற்றும். உங்கள் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் மொத்தமே சுமார் 1,400 சதுர கிலோமீட்டர்தான். இரை நிறைந்த நம் காடுகளில் ஒரு பெண் புலி 20 சதுர கிலோமீட்டரில்கூடக் குட்டிகளை வளர்த்துவிடும். அமூர் கணக்குப்படி பார்த்தால், சத்தி காடு முழுவதையும் கொடுத்தாலும் ஓர் ஆணும் மூன்று பெண்களுமே அதை நிறைத்துவிடும். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பண்ணாரியிலிருந்து தாளவாடி வரைக்கும் வண்டியில் போயிருப்பாள் அல்லவா, அவளுக்குப் புரியும்.

சரி, பிழைப்புக்கு வருகிறேன். கூண்டுப் புலிக்கு வேட்டை தெரியாது என்று பொதுவாகச் சொல்கிறோம். கொல்லும் உந்துதல் அதற்குள் இருக்கத்தான் செய்கிறது. கூண்டில் அது கற்றுக்கொள்ள முடியாதது மனிதனிடமிருந்து விலகி இருப்பது. காட்டில் குட்டி ஒன்றரை வருடத்துக்கும் மேலாகத் தாயோடு திரியும். எந்தப் பன்றியைத் தொடலாம், எதன் தந்தம் வயிற்றைக் கிழிக்கும், எந்த வாசனை வந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும், எல்லாம் தாய் நடப்பதைப் பார்த்துப் பார்த்து வருவது. பூங்காவில் வளர்ந்த புலிக்கோ மனித வாசனை என்றால் சாப்பாட்டு நேரம். அதை சிகோதே-அலினில் இறக்கிவிட்டால் பசித்த மூன்றாம் நாள் ஏதாவதொரு ஊரைத் தேடிப் போகும். முதலில் தெருநாய், அப்புறம் மாடு, அப்புறம் யாரோ ஒருவர். கடைசியில் துப்பாக்கி. புலியோடு சேர்ந்து அந்த ஊர் மக்களுக்கு எல்லாப் புலிகள் மேலும் இருந்த பொறுமையும் போய்விடும்.

ஆனால் மனித வாசனையே படாமல் ஒரு குட்டியை வளர்த்துவிட முடிந்தால்? அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையை அவளுக்கு நீங்களே சொல்ல வேண்டும்.

2012 பிப்ரவரியில் அதே ரஷ்யக் கிழக்குக் கோடியில், ப்ரிமோர்யே பகுதியில் வேட்டைக்காரர்கள் இரண்டு பேர் பனியில் ஒரு பெண் குட்டியைக் கண்டார்கள். சில மாதங்களே ஆன குட்டி. தாயைக் கள்ளவேட்டைக்காரர்கள் கொன்றிருக்க வேண்டும். ஓடக்கூட வலுவில்லாமல் கிடந்த அதன் மேல் கோட்டைப் போட்டுத் தூக்கி, வனவிலங்குக் காவலர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் தன் வீட்டு நீராவிக் குளியலறையில் வைத்து, பாலும் பச்சை இறைச்சியும் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்தார். வால் நுனி குளிரில் செத்துக் கறுத்துப் போயிருந்தது. அதை அறுத்து எடுத்தார்கள். ஸோலுஷ்கா என்று பெயர் வைத்தார்கள். ரஷ்ய மொழியில் சிண்ட்ரெல்லா.

பிறகு அலெக்ஸெயெவ்கா என்ற ஊரில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குப் போனாள். உயரமான வேலிக்குள் மரமும் புதருமாக ஒரு காட்டுத் துண்டு. அங்கே ஸோலுஷ்காவின் கண்ணில் மனிதர் யாரும் படக் கூடாது என்பது சட்டம். எல்லாக் கவனிப்பும் கேமரா வழியாகத்தான். உயிருள்ள முயலை உள்ளே விட்டார்கள். அது கைவந்த பிறகு மான், அதற்குப் பிறகு காட்டுப்பன்றி. தாய் காட்டியிருக்க வேண்டியதைத் தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். உணவு எங்கிருந்து வருகிறது என்பதை மனிதனோடு முடிச்சுப் போட அவளுக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை. அவர்களைத்தான் நான் வியக்கிறேன். கண்ணெதிரே ஒரு புலிக்குட்டி வளர்கிறது, அதைத் தொடாமல், பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தார்கள்.

2013 மே மாதம் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு பாஸ்தக் காப்புக்காட்டில் விட்டார்கள். புலிகள் அற்றுப்போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்த நிலப்பரப்பு அது. அங்கே தானாக வந்து சேர்ந்திருந்த ஸவேத்னி என்ற ஆண் புலியோடு சேர்ந்தாள். 2015 கடைசியில் தானியங்கிக் கேமராவில் அவளும் பின்னால் இரண்டு குட்டிகளும் பதிவானார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 2014-இல் விடுவிக்கப்பட்ட அநாதைக் குட்டிகளில் உஸ்தின் என்ற ஆண் ஆற்றைக் கடந்து சீனப் பக்கம் போய் ஆடுகளை அடித்தது. அதைத் திரும்பப் பிடித்து ரஸ்தோவ் நகரப் பூங்காவில் வைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு விடப்பட்ட போரிஸோ வேறொரு இடத்தில் விடப்பட்ட ஸ்வெத்லாயாவைத் தேடி ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதுவும் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில், நடந்து போய்ச் சேர்ந்தது. அவற்றுக்குக் குட்டிகளும் பிறந்தன. பக்குவம் ஒன்றுதான், விளைவு வேறு வேறு. அதுவும் காட்டில் பிறந்து சில மாதமாவது தாயோடு இருந்த குட்டிகளிலேயே இந்த நிலை. வளர்ந்த பூங்காப் புலியைப் பற்றி இப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூண்டில் நிறைய இருக்கிறதே என்ற உங்கள் கணக்குக்கு வருகிறேன். காட்டில் புலி குறைந்ததால் காடு காலியாகி நிரப்பக் காத்திருக்கிறது என்று நினைக்கிறோம். நடந்தது அப்படி இல்லை. 1940-ஐ ஒட்டி லெவ் கப்லானவ் என்ற விலங்கியலாளர் பனியில் தடம் பார்த்து நடந்து நடந்து கணக்கெடுத்தபோது, ரஷ்யாவில் இருபது முப்பது புலிகளே மிஞ்சியிருந்தன. 1943-இல் கள்ளவேட்டைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-இல் சோவியத் அரசு புலி வேட்டையைத் தடை செய்தது. 2015 கணக்கெடுப்பில் 520-க்கு மேல் இருந்தன. அந்த இருபது முப்பதிலிருந்து பெருகியவை. எந்தப் பூங்காவிலிருந்தும் கொண்டுபோய் விட்டவை அல்ல. சுடுவதை நிறுத்தினோம், மரத்தையும் பன்றியையும் விட்டுவைத்தோம், அவை வந்துவிட்டன.

இன்றைக்கும் அங்கே குறைவது பன்றிதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிக் காட்டுப்பன்றிகள் கூட்டமாகச் செத்த பிறகு, புலிகள் ஊருக்குள் வந்து நாய்களைத் தூக்குவது அதிகமாயிற்று. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயும் புலிகளைத் தொற்றியிருக்கிறது. அது வந்த புலி பயம் மறந்து சாலையில் வந்து நிற்கும். இரையில்லாத காட்டில் பூங்காப் புலிகளையும் இறக்குவது, பஞ்சத்தில் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்புவது மாதிரி.

அப்படியானால் பூங்காவில் எதற்கு? இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. உலகப் பூங்காக்களில் உள்ள புலிகளுக்கு ஒரு வம்சாவளிப் பேரேடு இருக்கிறது, ஜெர்மனியின் லைப்ஸிக் பூங்காவில் பராமரிக்கிறார்கள். எதற்கும் எதற்கும் என்ன உறவு, எந்த ஜோடி சேரலாம், எது கூடாது என்று பார்த்துத்தான் குட்டி போட விடுவார்கள். காட்டுப் புலிகள் எல்லாம் அந்த ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகள் என்பதால் அவற்றின் மரபணுவில் வகை மிகக் குறைவு. காட்டில் தொலைந்துபோன சில மரபு வகைகள் பூங்காப் புலிகளிடம் இன்னும் இருக்கின்றன. விதைநெல்லைக் குதிரில் வைப்பது போலத்தான். அதை நான் மதிக்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. சீனாவில் ஹெங்தாவ்ஹெட்ஸி என்ற ஊரில் 1986-இல் எட்டுப் புலிகளோடு ஓர் இனப்பெருக்க மையம் ஆரம்பித்தார்கள். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த மையத்தின் ஹார்பின் நகரப் பூங்காவில் பேருந்துக்குள் உட்கார்ந்து, பணம் கட்டி, புலிக்கூட்டத்துக்கு உயிருள்ள கோழியைப் போட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் புலிகளைப் பெருக்கியதைப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. ஷென்யாங் நகரப் பூங்கா ஒன்றில் 2010-இல் பதினோரு புலிகள் பட்டினியில் செத்தன. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே டிக்கெட் எடுத்தது தவறில்லை. பார்த்துவிட்டு வந்து இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். புலியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க விடும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள், எந்த நாடாக இருந்தாலும்.

மகளுக்குச் சொல்ல இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. கஜகஸ்தானில் பால்கஷ் ஏரிப் பக்கம் முன்பு காஸ்பியன் புலி வாழ்ந்தது, இப்போது இல்லை. மரபணுவைப் பார்த்தால் அது அமூர் புலிக்கு மிக மிக நெருங்கிய சொந்தம். அங்கே 2018-இல் ஒரு காப்புக்காட்டை அறிவித்து, மான்களைக் கொண்டுவந்து விட்டு, 2024-இல் நெதர்லாந்திலிருந்து போதனா, குமா என்ற இரண்டு அமூர் புலிகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கூண்டில் வளர்ந்தவை, அதனால் அவற்றை வெளியே விடப்போவதில்லை. அவற்றுக்குக் குட்டி பிறந்தால் ஸோலுஷ்காவைப் போல, மனிதர் யாரும் அதன் கண்ணில் படாமல் வளர்த்துக் காட்டில் விட வேண்டும் என்பது திட்டம். நீங்கள் டார்ஜிலிங்கில் பார்த்த புலி காட்டுக்குப் போகாது. இப்படிக் கூண்டில் இருக்கும் ஒரு ஜோடியின் குட்டி ஒருநாள் போகலாம், அங்கே பன்றியும் மானும் இருந்தால்.

பாஸ்தக் காட்டில் எடுத்த ஸோலுஷ்காவின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். எல்லாப் புலியும் ஒரே மாதிரி இருக்கிறதே, இது அதுதான் என்று எப்படித் தெரியும் என்று நிச்சயம் கேட்பாள். வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற புலிகளின் வாலைவிடக் குட்டையாக இருக்கும்.

அன்புடன்.